அடிக்கவில்லை, கட்டித்தான் வைத்தோம்

நான் ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளர் (occupational therapist). கடந்த மாதம் ஒரு பாடசாலையின் விசேட கல்வி அலகுக்குப் போயிருந்தேன். மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம், அதற்கு மேல் அடையாளம் சொல்லப்போவதில்லை. பிள்ளைகளின் விபரங்களையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு கதிரை கண்ணில் பட்டது. மூளை முடக்குவாதமுள்ள சிறுமி ஒருத்திக்காக இரண்டு வருடத்துக்கு முன் நானே அளவெடுத்து, தச்சருக்குப் பக்கத்தில் நின்று செய்வித்த கதிரை. அதன் இடுப்புப் பட்டியும் என் கையால் தைத்தது. நீல நாடா, சிவப்பு நூல். அன்று வீட்டில் வேறு நூல் இருக்கவில்லை.

கதிரையில் அவள் இல்லை. எட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஓட்டிசம்; பேச்சு இன்னும் வரவில்லை. கைகால்களில் ஒரு குறையும் இல்லை, மதிலேறிக் குதிக்கக்கூடியவன். இடுப்பில் இருக்கவேண்டிய பட்டி அவன் நெஞ்சுக்கு ஏறியிருந்தது. வெல்க்ரோவைப் பிய்த்துவிடுகிறான் என்று பட்டியை முதுகுப் பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

நான் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ரீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். “மிஸ், நாங்கள் ஒருநாளும் அடிப்பதில்லை. கட்டித்தான் வைத்திருக்கிறோம்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த அலகில் பிரம்பே கிடையாது. அவர் கெட்டவரும் இல்லை. பதினேழு பிள்ளைகளுக்கு ஒற்றை ஆள். ஆனால் அந்த வசனத்தை இந்த வருடத்தில் நான்காவது தடவையாகக் கேட்கிறேன் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளையை இல்ல விளையாட்டுப் போட்டிக் கொடிகளும் உடைந்த வாங்குகளும் அடுக்கிய களஞ்சிய அறைக்குள் விட்டு வெளியே கொளுக்கி போட்டிருந்தார்கள். இன்னொரு பிள்ளையின் கை, அதன் கழுத்துப்பட்டியாலேயே ஜன்னல் கம்பியோடு கட்டப்பட்டிருந்தது. மூன்றாவதில் கயிறும் இல்லை, பூட்டும் இல்லை. சக்கர நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி பிரேக்கைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பிரேக்கை எடுக்கும் பலம் அந்தப் பிள்ளையின் விரல்களுக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஊன்றுகோலைப் பிடுங்கி அலுமாரிக்குமேல் வைப்பது, மேசையை நெஞ்சோடு நெருக்கிப் பிள்ளையைச் சுவரோடு அடைப்பது எல்லாம் இதே கணக்குத்தான். கயிறு இருந்தால்தான் கட்டிவைத்தல் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

“நீங்கள்தானே பெல்ட் தைத்துக் கொடுக்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. என் தொழிலையே நாறடிக்கும் கேள்வியும்கூட. தொழில்வழிச் சிகிச்சையாளர் கொடுக்கும் இடுப்புப் பட்டி, உடலை நிமிர்த்திப் பிடிக்க முடியாத பிள்ளைக்கு இடுப்பை நிலைப்படுத்துகிறது. இடுப்பு நிலைத்தால் கை விடுதலையாகும். பென்சில் பிடிக்கலாம், சோறு அள்ளலாம், தலையைத் தூக்கிப் பலகையைப் பார்க்கலாம். பட்டி போட்டதால் அந்தப் பிள்ளையால் செய்ய முடிந்தது கூடவேண்டும். கூடவில்லை, குறைந்திருக்கிறது என்றால் அதற்குப் பெயர் சிகிச்சை இல்லை. இதை விளங்கிக்கொள்ளப் பட்டப்படிப்பு வேண்டாம்.

இனி என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் விடயத்துக்கு வருகிறேன்: “அமைதியாகிவிட்டான்.”

எல்லாப் பாடசாலையிலும் இதைச் சொல்கிறார்கள். “முதல் பத்து நிமிடம் கத்துவான் மிஸ், பிறகு அமைதியாகிவிடுவான். அவனுக்கே அது பிடிக்கிறது போலும்.” ஒரு அதிபர், அந்தப் பூட்டிய அறை பிள்ளைக்கு ‘டைம் அவுட்’, அதாவது கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்து ஆறவிடுவது, என்றார். ஒருநாள் செயலமர்வில் காதில் விழுந்த சொல்லாக இருக்கவேண்டும். செயலமர்வில் தேநீருக்கு முன் சொன்னது நினைவிருக்கிறது, பின் சொன்னது மறந்துவிட்டது.

கத்திக்கொண்டிருந்த பிள்ளை நிறுத்தினால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். களைத்திருக்கலாம். தொண்டை வறண்டிருக்கலாம். மூச்சு இழுக்கவே கஷ்டப்படலாம். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டிருக்கலாம். நான் அதிகம் காண்பது இந்தக் கடைசியைத்தான். அமைதியான பிள்ளையின் உடம்பு இளகியிருக்கும். கை சூடாக இருக்கும், கண் ஒரு பொருளில் நிற்கும், கூப்பிட்டால் திரும்பும். அன்று அந்தப் பையனின் கைகள் குளிர்ந்திருந்தன. சத்தமில்லை, ஆனால் பெருவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகியிருந்தது, தோள் காதுவரை ஏறியிருந்தது. நாடியைப் பிடித்தேன். மதிலேறிக் குதித்த பிள்ளையின் நாடிபோல அடித்துக்கொண்டிருந்தது, அரை மணித்தியாலமாக ஒரு கதிரையில் அசையாமல் இருந்த பிள்ளைக்கு. இதைத்தான் அமைதி என்கிறீர்களா? குளத்து நீர் ஆடாமல் இருப்பதற்கும் உறைந்திருப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. நம் ஊரில் நீர் உறைவதில்லை என்பதால் யாரும் கவனிப்பதில்லைபோலும்.

இன்னும் கேளுங்கள். இந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனதும் என்ன செய்கிறது? தலையைச் சுவரில் மோதுகிறது, தங்கச்சியைக் கடிக்கிறது, இரவில் இரண்டு மணிக்கு எழுந்து கதவைப் பிடித்து ஆட்டுகிறது. தாய் கிளினிக்குக்கு ஓடிவந்து “பாடசாலையில் நல்ல பிள்ளையாம் மிஸ், வீட்டில்தான் இப்படி. என் வளர்ப்புத்தான் பிழை” என்று அழுகிறார். வளர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. பாடசாலையில் அடக்கி வைத்ததை வீட்டில் அவிழ்க்கிறது, அவ்வளவுதான். பாடசாலை அமைதியின் விலையை அந்தத் தாய் இரவில் கட்டுகிறார். அடுத்த நாள் காலையில் பாடசாலைக் கேற்றைக் கண்டதும் பிள்ளை சீருடையிலேயே சிறுநீர் கழிக்கிறது. அதற்கும் “பிடிவாதம்” என்று பெயர் வைக்கிறார்கள். கட்டப்பட்ட பிள்ளை ஒழுக்கம் கற்றுக்கொள்வதில்லை. அந்த இடத்தைப் பற்றி, அந்தக் கையைப் பற்றித்தான் கற்றுக்கொள்கிறது. நன்றாகவே கற்றுக்கொள்கிறது, நாங்கள் எழுத்துப் படிப்பிப்பதைவிட வேகமாக.

உடம்புக்கு வரும் ஆபத்தை விரித்துச் சொல்லத் தேவையில்லை என்றே நினைத்திருந்தேன். ஆனால் பிள்ளையைத் தரையில் குப்புறப் போட்டு முதுகில் முழங்காலை ஊன்றிய பெரியவர் ஒருவரையும் சந்தித்துவிட்டேன். அப்படிப் பிடித்தால் மூச்சு நின்றுவிடலாம். “மூச்சு முட்டுகிறது” என்று சொல்லப் பேச்சில்லாத பிள்ளைக்கு வழியும் இல்லை. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கிறது. சிலருக்குக் கழுத்து எலும்பின் மூட்டும் தளர்ந்திருக்கும். தலையை அமுக்கிப் பிடிப்பது விளையாட்டல்ல. வலிப்பு வரும் பிள்ளையைப் பிடித்து அமுக்கவே கூடாது. கையில் இரும்பைத் திணிப்பதையும் விட்டுவிடுங்கள், வாய்க்குள் கரண்டியையும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே ஏதாவது மடித்து வைத்து, நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் வாகனம் பிடியுங்கள்.

பூட்டிய அறைக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. திறப்பு யாரிடம்? சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. பாடசாலை இல்லாத நாள். நாவலடியிலோ கல்லாற்றிலோ மருதமுனையிலோ இருப்பவர்களுக்கு இதற்குமேல் நான் எழுதவேண்டியதில்லை.

“வெளிநாட்டிலெல்லாம் இதற்கென்று தனி அறையே இருக்கிறதாமே” என்றும் கேட்டார்கள். இருக்கிறது. அதனால் வந்ததையும் கேளுங்கள். அமெரிக்காவில் அரசின் கணக்காய்வு அலுவலகம் 2009இல் கொடுத்த அறிக்கையில், பாடசாலைகளில் அமுக்கிப் பிடித்ததாலும் அடைத்துவைத்ததாலும் பிள்ளைகள் காயப்பட்டதாகவும் இறந்ததாகவும் நூற்றுக்கணக்கான முறைப்பாடுகள் வந்தன. அதே நாட்டின் கல்வித் திணைக்களம் 2017-18 கல்வியாண்டுக்கு எடுத்த கணக்கில், மாணவரில் 13 சதவீதமாக இருந்த விசேட தேவையுடைய பிள்ளைகள், கையால் பிடித்து அடக்கப்பட்டவர்களில் 80 சதவீதமாக இருந்தார்கள். அங்கே எண்ணவாவது எண்ணுகிறார்கள். இங்கே வகுப்பறைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளைக்கு அன்று ‘சமுகம்’ என்று ஒரு கோடு மட்டும்தான் இருக்கும்.

சட்டம் தெரியாது என்று சொல்லமுடியாது. உடல் தண்டனைக்கு எதிரான கல்வி அமைச்சின் 2005/17 இலக்கச் சுற்றறிக்கையும் அதன்பின் வந்த 12/2016 இலக்கச் சுற்றறிக்கையும் அதிபர்மாரின் கோப்பில் இருக்கவேண்டும். “அது அடிப்பதற்குத்தானே” என்பீர்கள். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் குழு 2006இல் கொடுத்த விளக்கத்தில், பிள்ளையை உடல் நோகும் நிலையில் வலுக்கட்டாயமாக இருக்கவைப்பதும் உடல் தண்டனைதான். ஆசிரியர் அறைந்து காது கேளாமற்போன மாணவனின் வழக்கில் உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. இழிவான நடத்துகையிலிருந்து எவரையும் காக்கும் உறுப்புரை அது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கு 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது; அவர்களுக்கான ஐ.நா. சமவாயத்தை 2016இல் உறுதிப்படுத்தியும் இருக்கிறோம். தாய் ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்துத் தந்துவிட்டார் என்று நீட்டுகிறார்கள். பிள்ளையைக் கட்டச் சம்மதம் கொடுக்கும் உரிமை தாய்க்கும் கிடையாது.

சரி, ரீச்சரின் பக்கத்துக்கு வருகிறேன். அவருடைய பயம் பொய்யில்லை. அந்தப் பாடசாலைக்குப் பின்னால் வாவி. வேலி பாதி விழுந்து கிடக்கிறது. ஓடும் ஓட்டிசப் பிள்ளைகள் பலருக்கு நீர்மேல் ஒரு தனி ஈர்ப்பு உண்டு. “ஒருநாள் வாவியோரக் கண்ணாப் பற்றை வரைக்கும் போய்விட்டான் மிஸ். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை” என்றார். அவர் குரல் உடைந்தது. நான் அதுவரை ஏசிக்கொண்டிருந்தவள், நிறுத்தினேன்.

ஆனால் பிள்ளையைக் கட்டிய நாளிலிருந்து அந்த வேலியைப் பற்றி யாரும் பேசவில்லை. கட்டுவதில் இருக்கும் பெரிய கெடுதி இதுதான்: பிரச்சினை தீர்ந்துவிட்டதுபோல் இருக்கும். கொளுக்கியைக் கேற்றுக்குப் போடுங்கள். பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில், பெரியவர் ஒரே கையால் திறக்கும்படி. அபிவிருத்திச் சங்கத்திடம் கேளுங்கள். நடைபாதைக்கு ஓடு பதிக்கக் காசு இருந்தால் வேலிக்கும் இருக்கும்.

அடுத்தது, எப்போது ஓடுகிறான்? “எந்நேரமும்” என்றார். எந்நேரமும் எந்தப் பிள்ளையும் ஓடாது. ஒரு பழைய கொப்பியைக் கொடுத்து, ஓடும் ஒவ்வொரு தடவையும் மணியையும், அதற்குச் சற்று முன் நடந்ததையும் எழுதச் சொன்னேன். வேறு எதுவும் வேண்டாம். ஆறு நாளில் தெரிந்துவிட்டது: பெரும்பாலும் இடைவேளைக்குச் சற்று முன். அந்த அலகின் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் தண்டவாளத் துண்டு தொங்குகிறது, அதுதான் பாடசாலை மணி. பையனுக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாது. சிற்றுண்டிச்சாலையில் வடை பொரியும் மணம் வந்தால் அடுத்து அந்த இரும்புச் சத்தம் வரும் என்று தெரியும். காதைக் காப்பாற்றத்தான் ஓடியிருக்கிறான். அவன் இடத்தில் நானும் ஓடியிருப்பேன். வாவி, ஓடுகிற வழியில் இருந்தது, அவ்வளவுதான்.

கதவில்லாத ஒரு மூலை வேண்டும். பாய், தலையணை, தானே போய்த் தானே திரும்பி வரலாம். போக விரும்புகிறேன் என்று காட்ட ஒரு படத் துண்டு. பாரமான வேலை கொடுங்கள்: தண்ணீர் வாளி தூக்குவது, கொப்பிக்கட்டு கொண்டுபோவது, கதிரை அடுக்குவது. சில பிள்ளைகளுக்குப் பாரம் தூக்கினால் உடம்பு தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும். வீதிக்குப் பாய்கிறான், பிடித்தே ஆகவேண்டும் என்றால் பிடியுங்கள். நின்றபடி, சில விநாடிக்கு, நெஞ்சிலும் கழுத்திலும் வாயிலும் கை வைக்காமல். ஆபத்து தாண்டியதும் விடுங்கள். அன்றே எழுதுங்கள், அன்றே வீட்டுக்குச் சொல்லுங்கள். மறைத்தீர்களானால் உங்களுக்கே அது பிழை என்று தெரிந்திருக்கிறது.

தாய்மாரிடம் ஒரு வேண்டுகோள். சீருடை மாற்றும்போது மணிக்கட்டு, கணுக்கால், இடுப்பு, அக்குள் பாருங்கள். தடம் இருந்தால் திகதி தெரியப் படமெடுங்கள். முதலில் அதிபர், பிறகு வலயக் கல்வி அலுவலகம், பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை உத்தியோகத்தர். எவரும் அசையாவிட்டால் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழையுங்கள், தமிழில் பேசலாம். “முறைப்பாடு செய்தால் பிள்ளையைச் சேர்க்கமாட்டார்கள்” என்ற பயம் எனக்கு விளங்குகிறது. என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள். வயல் வேலைக்குப் போகும்போது வீட்டில் சேலைத் துண்டால் தூணில் கட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். ஏசமாட்டேன். கிளினிக்கில் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லுங்கள், சேர்ந்து ஒரு வழி பார்ப்போம்.

அந்த அலகில் இப்போது இடைவேளைக்கு முன் பையனை மைதானத்தின் அந்தப் பக்கத்துக்குக் கூட்டிப்போகிறார்கள்; தண்ணீர் வாளி அவன் கையில். போன கிழமை இரண்டு நாள் ஓடியிருக்கிறான், கொப்பியில் எழுதியிருந்தது. தண்டவாளத்தைப் பிள்ளைகள் இல்லாத பக்கத்துக்கு மாற்றக் கேட்டிருக்கிறேன். அதிபர் “பார்ப்போம்” என்றார்.

கதிரையைக் கேட்டு வாங்கி, உரியவளை இருத்தினோம். ஒரு மாதமாக அவள் பாயில் கிடந்திருக்கிறாள். கேட்க அவளுக்கும் பேச்சு வராது. மற்ற எவருக்கும் தோன்றவும் இல்லை. முதுகு ஒரு பக்கம் சாய ஆரம்பித்திருக்கிறது. பட்டி இப்போது அவளுக்குப் பற்றவில்லை, வளர்ந்துவிட்டாள். புதிதாகத் தைக்கவேண்டும். செவ்வாய்க்கிழமை அளவெடுக்க வருகிறேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.