தாழிறக்கம்

மழை பெருத்த நாட்களில் "வீதி தாழிறங்கியது" என்று நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. நிலக்கீழ் நிலக்கரிச் சுரங்கங்களின் சுற்றாடல் தாக்கத்தை மதிப்பிடுவோர் 'சப்சிடன்ஸ்' என்று சொல்வதற்கும், அதாவது சுரங்கத்துக்கு மேலே தரை கீழிறங்குவதற்கும், இந்தத் 'தாழிறக்கம்' என்பதே பொருத்தமான தமிழ். இலத்தீனில் 'சுப்' என்றால் கீழே, 'சீதெரே' என்றால் அமர்தல். தமிழில் தாழ், இறங்கு என்ற இரண்டு வினைகள் சேர்ந்திருக்கின்றன. அதே 'தாழ்' வீட்டுத் தாழ்வாரத்திலும் மன்னாரில் உள்ள தாழ்வுபாடு என்ற ஊரின் பெயரிலும் இருக்கிறது.

நிலக்கரிப் படையை வெட்டி எடுத்ததும் மேலிருக்கும் பாறை உடைந்து வெற்றிடத்தில் விழுகிறது. அதற்கும் மேலுள்ள படைகள் வளைந்து இறங்க, தரையில் ஆழமில்லாத அகன்ற பள்ளம் உண்டாகிறது. பள்ளத்தின் நடுவில் மண் நெருக்கப்படுகிறது, ஓரத்தில் இழுபடுகிறது. அதனால் ஓரத்து வீடுகளின் சுவர்களே பெரும்பாலும் முதலில் வெடிக்கின்றன. பாறை வெடிப்புகள் நிலத்தடி நீர் தங்கும் படையை எட்டினால் கிணறுகள் வற்றும். நிலக்கரியைத் தூண்களாக விட்டு வெட்டினால் தாழிறக்கம் குறையும், ஆனால் அந்தத் தூண்களும் பல ஆண்டுகளுக்குப் பின் நொறுங்கக்கூடும். ஆகவே சுரங்கம் தொடங்குமுன் தரைமட்டத்தையும் கிணற்று நீர்மட்டத்தையும் சுவர்களில் ஏற்கெனவே உள்ள வெடிப்புகளையும் பதிந்து வைக்காத மதிப்பீட்டை நான் மதிப்பீடாகவே கொள்ளமாட்டேன். அந்தப் பதிவு இல்லையென்றால், பின்னர் இழப்பீடு கேட்கும் குடும்பம் எதைக் காட்டும்?

தாழிறக்கத்தை 'நில அமிழ்வு' என்றும் எழுதுகிறார்கள். அமிழ்தல் என்றதும் நீர்தான் நினைவுக்கு வருகிறது. பள்ளத்தில் நீர் தேங்குவதோ அடுத்த விளைவு. 'நிலச்சரிவு' முற்றிலும் தவறு, சரிவு மலைச்சாய்வுக்கு உரியது. யாழ்ப்பாணத்துப் புத்தூரில் உள்ள நிலாவரைக் கிணற்றைப் போலச் சுண்ணாம்புக்கற் குகையின் கூரை உடைந்து குழி திறந்தால் அது இடிவு. ஆழம் குறைந்த பழைய சுரங்கங்களின் மேல் இடிவும் நேர்கிறது என்பதால் அறிக்கையில் தாழிறக்கத்தையும் இடிவையும் பிரித்தே எழுதவேண்டும்.

இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. ஆனாலும் தேசிய சுற்றாடல் சட்டத்தின் 1988 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, எந்தப் பெருந்திட்டத்தின் தாக்க மதிப்பீட்டையும் படித்துக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாட்கள் உண்டு. அந்த நாட்களில் கலைச்சொல் அகராதியைத் தேடி யாரும் அலையக்கூடாது. தாழிறக்க ஆழம், தாழிறக்க எல்லை, தாழிறக்கச் சேதம் என்று எழுதினால் கமக்காரருக்கும் பொறியியலாளருக்கும் ஒருசேர விளங்கும்.