டேமேஜ் கண்ட்ரோல்: கப்பலிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு

தலைவர் மேடையில் உளறிவிட்டால் மறுநாள் கட்சிக்காரர்கள் செய்வதற்குப் பத்திரிகைகளில் ‘டேமேஜ் கண்ட்ரோல்’ என்று பெயர். வெளிநாட்டுப் போர்முனைக்குப் புறப்படும் ராணுவ அறுவை சிகிச்சை நிபுணருக்கோ அது வேறு விஷயம். வயிற்றைத் திறந்துவிட்டு, வேலையைப் பாதியில் நிறுத்தத் தெரிந்திருப்பது.

‘டேமேஜ்’ இழப்பைக் குறிக்கும் ‘தம்னும்’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. ‘கண்ட்ரோல்’ கணக்குப்பிள்ளைகளின் சொல். மூலக் கணக்கோடு ஒத்துப்பார்க்க வைத்திருந்த இரண்டாவது ஏட்டுச் சுருளிலிருந்து பிறந்தது. இரண்டையும் சேர்த்துப் புழங்கியது கடற்படை. அடிபட்ட கப்பலைக் கடலிலேயே மிதக்கவும் ஓடவும் வைப்பதுதான் அங்கே அதன் பொருள்.

1942 ஜூன் 4, மிட்வே போர். அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ‘யார்க்டவுன்’ மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்து கப்பல் நின்றேவிட்டது. மாலுமிகள் தளத்து ஓட்டையை மரத்தால் மூடி, தீயை அணைத்து, கொதிகலன்களை மீண்டும் மூட்டினார்கள். அடுத்த அலையாக வந்த ஜப்பானிய விமானிகள், இது அடிபடாத வேறொரு கப்பல் என்றே நினைத்துத் தாக்கினார்கள். (மூன்று நாள் கழித்து, ஜூன் 7 காலையில், அது மூழ்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

இந்தச் சொல்லை 1993இல் அறுவை சிகிச்சைக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவில் ரோட்டாண்டோ என்ற அறுவை மருத்துவரும் அவருடைய சகாக்களும். ரத்தம் பெருமளவில் போனவரின் உடல் குளிர்ந்துவிடும்; ரத்தத்தில் அமிலம் ஏறும்; ரத்தம் உறையாது. ஒன்று மற்றொன்றை மோசமாக்கும். அந்த நிலையில் நான்கு மணி நேரம் அழகாகத் தைத்துக்கொண்டிருந்தால், தையல் பிழைக்கும், ஆள் பிழைக்க மாட்டார். ஆகவே ரத்தக்குழாயை இறுக்கு, கிழிந்த குடலின் முனைகளைக் கட்டு, இணைக்காதே. கல்லீரலைச் சுற்றித் துணியைத் திணி, எத்தனை துணி என்று எழுதிவை, வயிற்றைத் தைக்காமல் மூடி வெளியே வா. உடலைச் சூடேற்றி, ரத்தம் ஏற்றித் தேற்றிய பிறகு, ஓரிரு நாள் கழித்து மறுபடி திறந்து முடிக்கலாம்.

உள்ளூர் மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் ஒரே உறுப்பைப் பார்த்துத் தேர்ந்தவருக்கு இது எளிதில் வராது. அதனால்தான் பிரிட்டன் தன் ராணுவ மருத்துவர்களை அனுப்புமுன் லண்டனில் உள்ள அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரியில் தனிப் பயிற்சி கொடுத்தது. நெஞ்சு, வயிறு, கை, கால் எல்லாவற்றையும் ஒருவரே திறக்க வேண்டும்; பழகுவது இறந்தோர் உடல்களில். மயக்க மருந்து நிபுணரும் தியேட்டர் செவிலியரும் அதே குழுவாக உடன் பயில்வார்கள். யார்க் நகருக்கு அருகே ஸ்ட்ரென்சாலில், கூடாரத்து மருத்துவமனை முழுவதையும் ஒரு கொட்டகைக்குள் அமைத்து ஒத்திகையும் பார்த்தார்கள். ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் பாஸ்டியன் முகாமில் திறந்த வயிற்றை, பிரிட்டனின் பர்மிங்காமில் வேறொரு மருத்துவர் மூட நேர்ந்ததுண்டு. ‘நான் தொட்டதை நானே முடிப்பேன்’ என்ற தொழில் ரோஷம் அங்கே உதவவில்லை.

தமிழில் என்ன சொல்வது? ‘சேதக் கட்டுப்பாட்டு அறுவை’ என்பது சொல்லுக்குச் சொல் வைத்தது. ‘சேதம்’ வடமொழியில் வெட்டுதல்தான். சிரச்சேதம் நினைவுக்கு வரும். வெட்டைக் கட்டுப்படுத்தும் அறுப்பு என்றாகிறது! கப்பல்காரர்களிடம் ‘கலப்பற்று’ இருக்கிறது, பலகை இடுக்கில் கயிறு திணித்து நீரை அடைப்பது. கல்லீரலைச் சுற்றித் துணி திணிப்பதற்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் இன்று அகராதியைப் புரட்டினால்தான் புரியும்.

என் தேர்வு ‘தாக்குப்பிடிப்பு’. தாக்குதலும் அதிலேயே இருக்கிறது, விழாமல் நிற்பதும் இருக்கிறது. ஒரே சிக்கல், ‘தாக்குப்பிடிப்பு அறுவை’ என்று எழுதினால், சலிப்பூட்டும் பேச்சாளரிடம் மாட்டிக்கொண்டவரின் நிலை என்று படித்துவிடுவார்கள். ஆகவே ‘தாக்குப்பிடிப்புச் சிகிச்சை’. கட்சிக்காரர்கள் செய்வதற்கு ‘சமாளிப்பு’ என்ற பழைய சொல்லே போதும்.