பிரைமரி கீ: விசையும் அல்ல, சாவியும் அல்ல

‘முதன்மை விசை’. தரவுத்தளப் பாடத்துக்குத் தமிழில் குறிப்பு எழுதுகிறவர்களில் பலர் பிரைமரி கீயை இப்படித்தான் எழுதுகிறார்கள். பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தேன். போன வாரம் கண்ணில் பட்ட ஒரு பாடக்குறிப்பில் அதற்குப் பக்கத்திலேயே ‘வெளிநாட்டு விசை’ என்று இருந்தது. ஃபாரின் கீயைத்தான் அப்படிச் சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பொருள். தகவல்களை அட்டவணைகளாகக் கணினியில் சேர்த்து வைக்கும் இடம்தான் தரவுத்தளம். அதில் மாணவர் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. பதிவு எண், பெயர், பிறந்த தேதி என்று மூன்று புலங்கள். அதில் இரண்டு கவிதா. இருவரும் பிறந்த நாளும் ஒன்றே. 101 ஒரு கவிதா, 102 இன்னொரு கவிதா. எந்தக் கவிதா என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்வது பதிவு எண் மட்டும்தான். அதுதான் பிரைமரி கீ. ஒரே எண் இரண்டு வரிசைகளில் வரக்கூடாது, எந்த வரிசையிலும் அது காலியாக இருக்கவும் கூடாது. அப்புறம், மதிப்பெண் என்று வேறோர் அட்டவணை. அதில் ‘102, கணிதம், 78’ என்று ஒரு வரிசை. இந்த 102 மாணவர் அட்டவணையிலிருந்து வந்தது. இங்கே அதற்கு ஃபாரின் கீ என்று பெயர். மாணவர் அட்டவணையில் இல்லாத 109-ஐ இங்கே சேர்க்கப் போனால் தரவுத்தளம் ஏற்காமல் திருப்பிவிடும்.

இரண்டு பெயர்களும் ஐபிஎம்மில் ஆய்வாளராக இருந்த எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில் இருக்கின்றன. ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்புகள் கொண்ட புலம், அல்லது புலங்களின் சேர்க்கை: பிரைமரி கீக்கு அவர் தந்த விளக்கத்தின் சாரம் இதுதான். ‘கீ’ என்ற சொல்லை அவர் புதிதாகக் கொண்டுவரவில்லை. கோப்புகளை எந்தப் புலத்தை வைத்து வரிசைப்படுத்தினார்களோ, தேடினார்களோ, அதைக் கீ என்று சொல்லும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது.

சரி, விசைக்கு வருவோம். விசை என்றால் வேகம், ஆற்றல், பொறியை இயக்கும் உறுப்பு. விசைத்தறி, விசைப்படகு, ஈர்ப்பு விசை எல்லாம் அந்தப் பொருளில் நிற்பவை. விரலால் அழுத்தினால் இயங்குவது என்பதால் விசைப்பலகை என்ற சொல்லும் பொருத்தமாகவே அமைந்தது. குற்றம் அதற்கு அப்புறம் நடந்தது. சொற்பட்டியலில் ‘கீ = விசை’ என்று ஒரு வரி ஏறிவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் கீ வந்த இடமெல்லாம் விசையை வைத்து நிரப்பினார்கள். பதிவு எண் எதையும் தள்ளவில்லை, இழுக்கவில்லை. அதை யாரும் அழுத்தவும் இல்லை. இயற்பியல் படித்துவிட்டு வரும் பிள்ளை ‘முதன்மை விசை’ என்று வாசித்தால் நியூட்டனைத்தான் நினைக்கும்.

சாவிக்காரர்கள் இவர்களைவிடக் கொஞ்சம் யோசித்தவர்கள். முதன்மைச் சாவி, அந்நியச் சாவி என்பார்கள். தூய தமிழ் வேண்டுபவர்கள், சாவி போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது என்று அதைத் தள்ளிவிட்டுத் திறவுகோல் என்பார்கள். அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. அலமாரியும் ஜன்னலும் வந்த வழியில் வந்த சாவி இன்றைக்குத் தமிழ்ச்சொல்தான். பூட்டைத் திறப்பதற்கு அது போதும். ஆனால் பிரைமரி கீ எந்தப் பூட்டையும் திறப்பதில்லையே. இதை நான் சொற்சுவைக்காகச் சொல்லவில்லை. இதே பாடத்தில் சில வாரம் கழித்து உண்மையிலேயே பூட்டு வருகிறது. இரண்டு பேர் ஒரே வரிசையை ஒரே நேரத்தில் திருத்தாமலிருக்கத் தரவுத்தளம் அந்த வரிசையைப் பூட்டி வைக்கும். அந்தப் பகுதியை ஒரு மாணவிக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, “அப்போ இந்தப் பூட்டைத் திறக்கிறதுக்குத்தான் முதன்மைச் சாவியா சார்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. சொல் காட்டிய வழியில் ஒழுங்காக நடந்துபோய் அவர் அங்கே நின்றார். தப்பு வழிகாட்டியுடையது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மறைத்து வைத்துப் பிறகு மீட்பதற்கும் ஒரு கீ வரும். அது திறக்கிற வேலையைத்தான் செய்கிறது, சாவி என்ற சொல் அதற்கே உரியது.

ஆங்கிலம் ஒரே சொல்லை இத்தனை வேலைக்கு வைத்துக்கொண்டது அதன் வழக்கம். நாமும் அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, இருந்ததும் இல்லை. தேர்வு விடைகளுக்கான கீயை விடைக்குறிப்பு என்கிறோம், விடைச்சாவி என்று யாரும் சொல்வதில்லை. பாடுகிறவரின் கீயைச் சுருதி என்கிறோம். பொருளைப் பார்த்துப் பெயர் வைக்கிற இந்தப் பழக்கம் கணினிப் பக்கம் வந்ததும் எங்கே போனது? தரவு என்ற சொல்லைப் பாருங்கள். லத்தீனில் டேட்டம் என்றால் கொடுக்கப்பட்டது; தருவதிலிருந்து தரவு. கலிப்பாவின் முதல் உறுப்புக்குப் பெயராக இருந்த சொல்லுக்கு இங்கே இன்னொரு வாழ்க்கை கிடைத்தது. தரவு என்று சொன்னவர், அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்த்திருக்கிறார். விசை என்று எழுதியவர் பட்டியலைப் பார்த்திருக்கிறார்.

என் சொல் அடையாளம். காட் தந்த விளக்கத்திலேயே இருக்கிற வினை அதுதான். அடையாள அட்டை, அடையாள எண், அடையாளம் காட்டு என்று நாள்தோறும் புழங்கும் சொல், விளக்கவுரை தேவையில்லை. பிரைமரி கீ முதன்மை அடையாளம். முதன்மையாகத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியுள்ள கேண்டிடேட் கீ தகுதி அடையாளம். ஃபாரின் கீ அயல் அடையாளம். இதில் வெளிநாடும் இல்லை, அந்நியமும் இல்லை. அயல்வீடு என்பதில் இருக்கிற அயல்தான், பக்கத்து அட்டவணையின் அடையாளம் இங்கே வந்து நிற்கிறது. மதிப்பெண் அட்டவணையில் 102 பல முறை வருமே, அங்கே அது எப்படி அடையாளமாகும் என்று கேட்கலாம். அது அந்த வரிசையின் அடையாளம் அல்ல, கவிதாவின் அடையாளம். அதைச் சொல்லத்தான் அயல்.

நிரல் எழுதும்போது எப்படியும் ஆங்கிலத்தில்தானே தட்ட வேண்டும், தமிழ்ச்சொல் எதற்கு என்பாரும் உண்டு. வாயால் பிரைமரி கீ என்றே சொல்லுங்கள், எனக்கு வருத்தமில்லை. ‘முதன்மை விசை’யைவிட அது ஆயிரம் மடங்கு மேல், தவறான படம் எதையும் மனதில் வரையாது. ஆனால் தமிழில் எழுதுவதென்று உட்கார்ந்துவிட்டால், அந்தச் சொல் படிக்கிறவருக்கு ஒரு படியாவது ஏற உதவ வேண்டும். மதிப்பெண் அட்டவணைக்கு முதன்மை அடையாளம் எது என்று கேட்டுப் பாருங்கள். பதிவு எண் மட்டும் போதாது, கவிதா பல பாடம் எழுதியிருக்கிறார். பாடம் மட்டும் போதாது, அதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் அடையாளம் என்று மாணவரே சொல்லிவிடுவார். அதுதான் கூட்டு அடையாளம்.