கணக்கை நீக்குவதற்கு முன்

திருப்பூரில் என்னிடம் தணிக்கைக்கு வரும் ஒரு பின்னலாடை நிறுவனம். ஏற்றுமதி ஆவணங்களை 11 ஆண்டுகள் கவனித்துவந்தவர் மார்ச் கடைசியில் வேலையை விட்டு விலகினார். சாவி, அடையாள அட்டை, மடிக்கணினி எல்லாவற்றையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். அன்று மாலையே மடிக்கணினியை ஃபார்மட் செய்து அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். சந்தா மிச்சமாகட்டும் என்று அவருடைய அலுவலக மின்னஞ்சல் கணக்கையும் நீக்கிவிட்டார்கள்.

ஜூனில் ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஏற்றுமதி ஒன்றில், இன்வாய்ஸ் தொகையைவிடக் குறைவாகப் பணம் வந்தது ஏன் என்று கேட்டிருந்தார்கள். சரக்கில் நிற வேறுபாடு இருந்ததால் விலையைக் குறைத்தார்கள். வாங்கியவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் கடிதம் இருந்தது நீக்கப்பட்ட கணக்கில்.

கூகுளின் அலுவலக மின்னஞ்சல் சேவையான வொர்க்ஸ்பேஸில் நீக்கிய பயனர் கணக்கை 20 நாட்களுக்குள் மீட்கலாம். மைக்ரோசாஃப்ட் 365-இல் 30 நாட்கள். ஜூன் வரை எது காத்திருக்கும்? ஜிஎஸ்டி சட்டமோ, ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. கம்பெனிச் சட்டப்படி 8 நிதியாண்டுகள். இத்தனை காலம் ஒரே நாற்காலியில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

இதைவிட நான் அதிகம் பார்ப்பது ஓடிபி சிக்கல். ஜிஎஸ்டி தளத்தில் முதலாளியின் எண்ணுக்குப் பதிலாகக் கணக்காளரின் சொந்தக் கைப்பேசி எண்ணைப் பதிந்துவிடுகிறார்கள். அவர் போன பிறகு, ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய 20ஆம் தேதி இரவில் அவரை அழைத்து ஓடிபி கேட்கிறார்கள். கடவுச்சொல்லும் தெரியாவிட்டால் வரி அலுவலகத்துக்கே எழுதிக்கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். அவர் இருக்கும்போதே மாற்றினால் சில நிமிட வேலை.

ராஜினாமாக் கடிதம் வந்த அன்றே ஆவண வேலையைத் தொடங்குங்கள். கடைசி நாளுக்குத் தள்ளிப்போட்டால் அன்று பிரிவுபசாரத்துக்குத்தான் நேரம் இருக்கும். அடுத்து வருபவரை விலகுபவர் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தக் கோப்பு எந்த ஃபோல்டரில், எது வாட்ஸ்அப்பில் மட்டும் இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். சொந்தப் படங்களை எடுத்துக்கொள்ள அவருக்கும் அவகாசம் கொடுங்கள். மின்னஞ்சலைப் பொறுத்தவரை, கடவுச்சொல்லை மாற்றி உள்நுழைவை நிறுத்தினால் போதும். முழுவதும் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே நீக்குங்கள்.

அந்த நிறுவனத்துக்குக் கடைசியில் உதவியவர் விலகிப்போனவர்தான். வாங்கியவரின் அலுவலகத்தில் தனக்குப் பழக்கமானவரிடம் பேசிக் கடிதத்தின் நகலை வரவழைத்துத் தந்தார். “அன்றே கேட்டிருந்தால் எடுத்து வைத்துவிட்டே போயிருப்பேன் சார்” என்றார் என்னிடம்.