கேள்விக்குறி இல்லாத இடத்தில் கேள்வி வாக்கியம் எதற்கு?

‘ப்ளீஸ் லெட் மீ நோ வென் கேன் ஐ ஜாயின்.’

வேலைக்கு விண்ணப்பிக்கும் மின்னஞ்சல்களைத் திருத்துகிறவர்களுக்கு இந்தக் கடைசி வரி மனப்பாடம். ரெஸ்யூமே பளிச்சென்று இருக்கும், மதிப்பெண் நன்றாக இருக்கும், எழுத்துப்பிழை ஒன்றுகூட இருக்காது. முடிக்கிற இடத்தில் இப்படி ஒரு சறுக்கல். இந்த வாரமும் அதேதான், அதுவும் ஆங்கில இலக்கியம் படித்தவரிடமிருந்து. அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

‘வென் ஐ கேன் ஜாயின்’ என்று இருக்க வேண்டும். அவ்வளவுதான் திருத்தம். ஆனால் சொன்னால் பலர் ஒப்புக்கொள்வதில்லை. “வென் வந்தாலே கேள்விதானே சார், கேள்வியென்றால் கேன் முன்னால் வரவேண்டாமா?” என்கிறார்கள். சின்ன வகுப்பில் ‘டபிள்யூ ஹெச் வார்த்தை வந்தால் கேள்வி’ என்று பழக்கிவிட்டதன் விளைவு இது. சரியாக எழுதப்பட்ட ‘ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்’ என்ற வரியைத் தவறென்று அடித்து, ‘வேர் இஸ் ஹி’ என்று மாற்றித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வேர், வென், வாட், ஹவ், வொய் எல்லாம் இரண்டு வேலை பார்க்கும் சொற்கள். வாக்கியம் தனியாக நின்று கேட்டால், கேள்விச் சொல். இன்னொரு வாக்கியத்துக்குள் போய் உட்கார்ந்தால், இணைக்கும் சொல். அப்படி உள்ளே உட்காரும் பகுதிதான் நவுன் கிளாஸ் (noun clause): ஒரு முழு வாக்கியம் ஒற்றைப் பெயர்ச்சொல்லின் இடத்தில் நிற்பது. உள்ளே போனதும் கேள்விக்குரிய வரிசை கலைந்து, எழுவாய் முன்னால், வினை பின்னால் என்ற சாதாரண வரிசை வந்துவிடும்.

நமக்கு இது ஏன் சறுக்குகிறது? தமிழில் கேள்வியின் வடிவத்தைத் தொடுவதே இல்லை. ‘அவர் எங்கே இருக்கிறார்?’ என்ற கேள்வியின் வாலில் ‘என்று தெரியவில்லை’ சேர்த்தால் முடிந்தது. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலக் கேள்வியையும் அப்படியே தூக்கி வைக்கிறோம். சிலர் ‘என்று’ வேண்டுமே என்று ‘தட்’டையும் சேர்த்து, ‘ஐ ஆஸ்க்ட் ஹிம் தட் வேர் ஆர் யூ கோயிங்’ என்கிறார்கள். இணைக்க ஒரு சொல் போதும். வேர் வந்துவிட்டால் தட்டுக்கு அங்கே இடமில்லை: ‘ஐ ஆஸ்க்ட் ஹிம் வேர் ஹி வாஸ் கோயிங்.’

டூ, டஸ், டிட் வரும் கேள்விகளில்தான் அரைகுறைத் திருத்தம் நடக்கும். ‘வேர் டஸ் ஹி லிவ்?’ உள்ளே போகும்போது டஸ் மறைந்துவிடும். அது சுமந்திருந்த ‘எஸ்’ வினைக்குத் திரும்பும்: ‘வேர் ஹி லிவ்ஸ்.’ ‘வாட் டிட் ஷி சே?’ என்பது ‘வாட் ஷி செட்’ ஆகும். ‘வாட் ஷி டிட் சே’ என்றால் வரிசையை மட்டும் மாற்றிவிட்டு டிட்டை நீக்க மறந்தீர்கள் என்று பொருள். ‘ஹூ ப்ரோக் தி கிளாஸ்?’ போன்றவற்றில் ஹூவே எழுவாய். அங்கே மாற்ற ஒன்றுமில்லை.

ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியில் இணைக்க ஒரு சொல் கிடையாது; இஃப் அல்லது வெதரைக் கொண்டுவர வேண்டும்: ‘ஐ ஆஸ்க்ட் ஹிம் இஃப் ஹி வுட் கம்.’ வாக்கியத்தின் தொடக்கத்தில், அபவுட் போன்ற முன்னிடைச் சொல்லுக்குப் பின், ‘டு கோ’ போன்ற வடிவத்துக்கு முன் வெதர் மட்டுமே. ‘ஐ ஆஸ்க்ட் ஹிம் வுட் ஹி கம்’ என்பது அயர்லாந்துக்காரர்களின் அன்றாடப் பேச்சில் இயல்பானது. அதைக் காட்டி ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தகுதித் தேர்வில் எழுதிவிடாதீர்கள். எழுத்துத் தேர்வில் கால் பங்கு மதிப்பீடு இலக்கணத்துக்கு.

நவுன் கிளாஸ்தானா என்று சந்தேகம் வந்தால், அந்தப் பகுதியை எடுத்துவிட்டு ‘திஸ்’ போடுங்கள். ‘ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்’ என்பது ‘ஐ டோன்ட் நோ திஸ்’ ஆகிறது. பொருந்துகிறது, வில் இருக்கலாம். ‘கால் மீ வென் ஹி கம்ஸ்’ என்பதில் ‘கால் மீ திஸ்’ உளறலாகிவிடும். அது நேரத்தைச் சொல்லும் பகுதி, நவுன் கிளாஸ் இல்லை. அங்கே எதிர்காலத்தைச் சொன்னாலும் வில் வராது. பலர் இரண்டையும் குழப்பி, முதலாவதில் வில்லை வெட்டிவிட்டு இரண்டாவதில் சேர்த்துவிடுகிறார்கள்.

இணைப்புச் சொல்லை இரட்டிப்பது இன்னொரு தொல்லை. ‘ஆல்தோ இட் வாஸ் ரெயினிங், பட் வீ வென்ட்’ என்பதில் பட் வேண்டாம். ‘பிகாஸ்’ தொடங்கிய வாக்கியத்தில் ‘ஸோ’ வேண்டாம். ‘அன்லெஸ்’ஸுக்குள்ளேயே எதிர்மறை இருக்கிறது, அதன் பின் ‘டோன்ட்’ எழுதினால் பொருளே தலைகீழாகும்.

நிறுத்தக்குறி முழு வாக்கியத்தைப் பொறுத்தது. ‘கேன் யூ டெல் மீ வேர் ஹி லிவ்ஸ்?’ கேள்வி, குறி உண்டு. ‘ஐ வொண்டர் வேர் ஹி லிவ்ஸ்’ கேள்வியல்ல, முற்றுப்புள்ளி.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடிட்ட இடத்தில் வேரா, வெதரா என்று நிரப்பும் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வரிசை தெரியாத பிள்ளையும் அதில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். ஒரு கேள்வியைக் கொடுத்து, ‘ஐ டோன்ட் நோ’ என்று தொடங்கி எழுதச் சொல்லுங்கள். டூ, டஸ், டிட் வரும் கேள்விகளாகப் பார்த்துக் கொடுங்கள்.