‘எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?’ என்று கேட்பதற்கு முன்

டாலஸ் பக்கம் கைத்துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கிறேன். வார இறுதி வகுப்புக்கு நம்மாட்களும் நிறைய வருகிறார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்திருக்கும். தங்கத்துக்காக இந்தியர் வீடாகப் பார்த்து உடைக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியிருக்கும். வந்ததும் முதல் கேள்வி, “எந்த பிராண்ட் நல்லது?”

நான் பதிலுக்குக் கேட்பது விசா. எச்-1பி (வேலை), எச்-4 (அவர் குடும்பத்தார்), எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அதை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. “டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்ல பர்மிட்டே வேண்டாமே” என்பார்கள். அது மாநிலச் சட்டம். அதுவும் வைத்திருக்கத் தடை இல்லாதவருக்குத்தான். நண்பரை விட்டு வாங்கச் சொல்லலாம் என்ற யோசனையும் வேண்டாம். உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று கடையில் நிரப்பும் 4473 படிவம் கேட்கிறது. அங்கே பொய் எழுதினால் அது தனிக் குற்றம்.

சரி, இனி துப்பாக்கி. ஒரு கணவன் மனைவி வந்தார்கள். மனைவிக்குச் சின்னக் கை, அடக்கமாக இருக்கட்டும் என்று பாக்கெட்டில் போடுகிற அளவு பிஸ்டலாகக் கணவர் வாங்கி வந்திருந்தார். அந்த அம்மா ஸ்லைடை, அதாவது தோட்டா ஏற்றப் பின்னால் இழுக்கும் மேல்பாகத்தை, இழுத்தார், பாதியில் நின்றது. நாலு முறை இழுத்தும் அப்படித்தான். “பலம் பத்தலை” என்றார் கணவர். இழுக்காதீர்கள், ஸ்லைடை இடக்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலக்கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளுங்கள் என்று காட்டினேன். ஸ்லைடு வந்துவிட்டது. ஆனால் ஆறு தோட்டா சுடுவதற்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சிவந்துபோனது. “போதும் அண்ணா” என்று கீழே வைத்துவிட்டார். எடை குறையக் குறைய உதைப்பு முழுக்கக் கைக்கு வரும். பல சின்ன பிஸ்டல்களில் ஸ்பிரிங்கும் முரட்டுத்தனமாக இருக்கும். ரேஞ்சில் இருந்த நடுத்தர அளவு 9 மி.மீ. பிஸ்டலைக் கொடுத்தேன். அதே கை, 21 அடி தூரத்தில் ஒரு பேப்பர் தட்டு. பத்தில் எட்டு தட்டில் விழுந்தது. கணவர் அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

தோட்டா பெரிதாக இருந்தால்தான் ஆள் விழுவான் என்பதும் பழைய பேச்சு. எஃப்பிஐயே பெரிய .40 தோட்டாவை விட்டுவிட்டுச் சின்ன 9 மி.மீ.க்குத் திரும்பியது. இங்கே வீட்டுச் சுவர் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. எந்தத் தோட்டாவும் அதைத் தாண்டிப் போகும். உங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் தூங்குகிறார்கள்?

இதைக் கேட்டதும் ஒருவர் முகம் மாறியது. ஊரிலிருந்து அவர் அப்பா வந்திருந்தார். ஜெட்லேக் போகாமல் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து, பிள்ளைகள் விழித்துவிடுவார்களே என்று லைட் போடாமல் அடுப்படியில் காபி கலப்பாராம். “நேத்து பாத்திரம் விழுந்த சத்தத்துல எனக்கே திக்னு ஆயிடுச்சு.” அவரிடம் துப்பாக்கிக்கு முன்னால் நல்ல டார்ச் ஒன்று வாங்கச் சொன்னேன். முகத்தைப் பார்க்காமல் சுடுவதற்கில்லை.

சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983-இல் ஒரு கணக்குச் சொன்னார்: கத்தியோடு ஓடிவருகிறவனுக்கு 21 அடியைக் கடக்க ஏறக்குறைய ஒன்றரை வினாடி போதும். இடுப்பில் இருப்பதை எடுத்துச் சுடவே பழகிய ஆளுக்கு அவ்வளவு நேரம் ஆகும். அலமாரியில் பூட்டியிருப்பதை நினைத்துப் பாருங்கள். பூட்டாமலும் வைக்க முடியாது. 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை எடுக்கும்படி தோட்டா போட்ட துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைத்தால் டெக்சாஸில் வழக்கு வரும். இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாராவது மனம் உடைந்து கிடக்கிறார்கள் என்றால் அந்த வீட்டுக்கு நான் துப்பாக்கி சொல்வதே இல்லை.

ஆக, நேரத்தை வேறு வழியில்தான் சம்பாதிக்க வேண்டும். கதவுச் சட்டத்தில் பூட்டு நாக்கு விழும் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். முக்கால் அங்குல ஸ்குரூ இருந்தால் ஓங்கி ஓர் உதைக்குத் தாங்காது. உள்ளே இருக்கும் மரத்தூண் வரை போகிற மூன்று அங்குல ஸ்குரூ மாற்றுங்கள். சத்தம் கேட்டால் பிள்ளைகளை யார் தூக்குவது, எந்த அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வது, யார் 911 அழைப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தே பாருங்கள். நகை போனால் போகட்டும். அதற்காக மாடியிலிருந்து இறங்கிப் போகாதீர்கள். (அதை லாக்கரில் வைக்கச் சொல்லி எத்தனை முறை சொல்வது!)

காபி அப்பாவின் மகன் போன மாதம் மறுபடி வந்தார். ஸ்குரூ மாற்றியாகிவிட்டது, டார்ச் வாங்கியாகிவிட்டது, அடுப்படியில் ஒரு விடிவிளக்கும் போட்டிருக்கிறார். துப்பாக்கி? “அப்பா ஊருக்குப் போகட்டும், அப்புறம் பாக்கலாம்” என்றார்.