யூக்கா அந்து: ஒரு பெயர், ஒரு பிழை

ஆங்கிலத்தில் ‘யூக்கா மாத்’ (yucca moth) எனப்படும் பூச்சியைத் தமிழில் ‘யூக்கா அந்து’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. இந்தப் பெயரின் முதல் பாதி தவறாக வந்தது. கரீபியன் தீவுகளிலிருந்து ஸ்பானிய மொழிக்குப் போன ‘யூக்கா’ என்ற சொல் மரவள்ளிக்கிழங்கைக் குறிக்கும். இன்றும் அங்கே அதே பொருள்தான். வாள்போன்ற இலையுள்ள வேறொரு செடியை மரவள்ளி என்று ஐரோப்பியர் மயங்கிவிட, அந்தப் பெயர் இதன்மேல் ஒட்டிக்கொண்டது. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் அதையே பேரினப் பெயராக்கினார். இனி மாற்ற வழியில்லை, ‘யூக்கா’ என்றே எழுதலாம்.

அந்தப் பூச்சி சுமார் 2 செ.மீ. சிறகு விரிப்புள்ள வெள்ளைப் பூச்சி. வட அமெரிக்காவின் கிழக்கு, நடுப் பகுதிகளில் வாழ்கிறது. பகலில் யூக்காவின் வெள்ளைப் பூவுக்குள் அமர்ந்திருந்தால் இதழ் எது, சிறகு எது என்று தெரியாது. இரவில் பெண் அந்து வேலையைத் தொடங்கும். வாயருகே கைபோல வளைந்த இரு நீட்சிகள் அதற்கு உண்டு. அவற்றால் மகரந்தத்தைச் சுரண்டி, உருட்டி, தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டு வேறொரு பூவுக்குப் பறக்கும். சூலகத்தைத் துளைத்து முட்டையிடும். பிறகு மேலேறிச் சூல்முடிக்குள் மகரந்தத்தைத் திணிக்கும். தேனுக்கு வந்த இடத்தில் தற்செயலாக ஒட்டிய மகரந்தம் அல்ல இது. முதிர்ந்த அந்து எதையும் உண்பதே இல்லை.

செயின்ட் லூயிஸ் தாவரவியலாளர் ஜார்ஜ் எங்கெல்மன் சொன்ன குறிப்பைத் தொடர்ந்து, மிசௌரி மாநிலப் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலி 1872இல் இதை விவரித்தார். அவர் வைத்த பேரினப் பெயர் ‘புரோனூபா’. ரோமானியத் திருமணத்தில் மணப்பெண்ணுடன் நிற்கும் பெண்ணுக்கு அந்தப் பெயர், தமிழில் மணத்தோழி. எவ்வளவு பொருத்தம்! ஆனால் அது நிலைக்கவில்லை. இன்றைய பெயர் டெஜெட்டிக்குலா யூக்காசெல்லா. முதற்சொல்லுக்கு லத்தீனில் ‘சின்னப் பாய்’ என்று பொருள். மணத்தோழியை இழந்து பாயைப் பெற்றோம்.

இனி இரண்டாம் பாதி. இதை ‘விட்டில்’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. விட்டில் என்றதும் விளக்கில் விழுந்து மடிவதுதான் நினைவுக்கு வரும். சில ஊர்களில் அது வெட்டுக்கிளியையும் குறிக்கும். ‘அந்து’ அப்படியல்ல. பழைய நெல் மூட்டையைப் பிரித்ததும் முகத்தில் மோதிப் பறக்குமே, அந்த வைக்கோல் நிறப் பூச்சிக்கு உரிய சொல் அது. அதன் புழு நெல்மணிக்குள் இருந்து அரிசியைத் தின்னும். யூக்கா அந்தின் புழுவும் காய்க்குள் இருந்து விதையைத்தான் தின்கிறது. எல்லா விதைகளையும் அல்ல, ஒரு பங்கை மட்டும். முட்டைகள் மிகுந்துபோன பூவைச் செடியே உதிர்த்துவிடுவதும் உண்டு. உள்ளே இருக்கும் புழுக்களும் அதோடு போகும். தப்பிய புழு வளர்ந்ததும் காயைத் துளைத்து வெளியேறி, மண்ணுக்குள் கூடுகட்டிக் கிடக்கும். அடுத்த ஆண்டு பூக்கும் பருவத்தில், சில சமயம் அதற்கும் சில ஆண்டுகள் கழித்து, சிறகோடு வெளிவரும்.

ஆகவே ‘யூக்கா அந்து’. பின்னால் ‘பூச்சி’ சேர்ப்பது அவரவர் விருப்பம். நெல் வைத்திருந்த வீடுகளில் அது தேவைப்பட்டதில்லை.